டொமைன் பெயர் பதிவில் சிக்கலா? எங்கே தவறுகிறது, எப்படிச் சரிசெய்வது?

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் ஒன்றாக வாழ்ந்த பல குடும்பங்கள் இன்று சிரம்பான், நீலாய், கோலாலம்பூர் எனப் பிரிந்து இருக்கின்றன. கோயில் திருவிழா அறிவிப்பு, தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சந்திப்பு, வீட்டு முறுக்கு வியாபாரம் என எதற்கும் ஓர் இணையதளம் இருந்தால் நல்லது. ஆனா, முதல் படியான டொமைன் பதிவிலேயே பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

'இந்தப் பேரை ஏற்கெனவே எடுத்துட்டாங்க'

ஒரு டொமைன் பெயர் ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே. டாட் காம் கிடைக்காவிட்டால் டாட் எம்ஒய் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில் பெயருடன் 'லடாங்' அல்லது ஊர்ப்பெயரைச் சேர்க்கலாம். ஆங்கிலத்தில் பெயர் வைத்தால் எழுத்து, எண், இடைக்கோடு மட்டுமே செல்லும். இடைக்கோட்டில் தொடங்கவோ முடியவோ கூடாது. புள்ளிக்கு முன் 63 எழுத்துகளே உச்சவரம்பு.

உங்கள் வணிகச் சின்னத்தை வேறொருவர் கெட்ட நோக்கத்தோடு டாட் எம்ஒய்யில் பதிந்திருந்தால், கோலாலம்பூரில் உள்ள ஆசிய அனைத்துலக நடுவர் மன்ற மையத்தில் புகார் செய்ய வழி உண்டு.

விண்ணப்பம் ஏன் நிராகரிக்கப்படுகிறது?

டாட் எம்ஒய் பெயர்களை நிர்வகிப்பது மைநிக் நிறுவனம். டாட் காம் டாட் எம்ஒய் வேண்டுமென்றால் எஸ்எஸ்எம்மில் பதிந்த வணிகம் வேண்டும். டாட் ஓஆர்ஜி டாட் எம்ஒய் அமைப்புகளுக்கானது. கோயில் நிர்வாகக் குழு என்றால் சங்கப் பதிவுச் சான்றிதழைத் தயாராக வையுங்கள். சான்றிதழில் ஒரு பெயர், விண்ணப்பத்தில் இன்னொரு பெயர் என்று இருந்தால் சிக்கல்தான். பதிவு எதுவும் இல்லையா? வெறும் டாட் எம்ஒய் அல்லது டாட் காம் போதும்.

பணம் கட்டியாச்சு, தளம் திறக்கல. ஏன்?

மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, ஹோஸ்டிங். டொமைன் என்பது முகவரி மட்டும். வீடு வேண்டுமென்றால் ஹோஸ்டிங் தனியாக வாங்கணும்.

இரண்டு, நேம்சர்வர். ஹோஸ்டிங் நிறுவனம் தந்த நேம்சர்வர் பெயர்களை டொமைன் கணக்கில் சரியாகப் போட்டீர்களா? மாற்றம் எல்லா இடத்திலும் தெரிய 48 மணி நேரம் வரை ஆகலாம்.

மூன்று, சரிபார்ப்பு மின்னஞ்சல். டாட் காம் போன்றவற்றில் 15 நாளுக்குள் அதை உறுதிசெய்யாவிட்டால் டொமைன் முடக்கப்படலாம். ஸ்பேம் பெட்டியையும் ஒரு தடவை பாருங்க.

வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியவில்லையா?

டாட் காம் பெயரைப் பதிந்த முதல் 60 நாள்களில் பொதுவாக மாற்ற முடியாது. அதன்பிறகு பழைய நிறுவனத்தின் கணக்கில் 'லாக்' நீக்கி, மாற்றக் குறியீட்டைக் கேட்டு வாங்கணும்.

யார் பேரில் இருக்கு?

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் இதுதான். தளம் செய்து கொடுத்த தம்பி தன் சொந்த மின்னஞ்சலில் டொமைனைப் பதிந்துவிடுவார். பிறகு அவர் வேலைக்காக சிங்கப்பூர் போய்விடுவார். புதுப்பிப்பு நினைவூட்டல் அவருக்குத்தான் போகும், குழுவுக்கு வராது.

காலாவதியான டாட் காம் நீக்கப்பட்ட பிறகு, கூடுதல் கட்டணம் கட்டி மீட்க 30 நாள் கிடைக்கும். அதையும் விட்டால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். கோயில் பேரில் இருந்த முகவரியில் நாளைக்கு சூதாட்ட விளம்பரம் வந்தாலும் தடுப்பது கடினம்.

அதனால் பதிவுதாரராக அமைப்பின் பெயரையே போடுங்கள். குழுவுக்கென்று ஒரு பொது மின்னஞ்சல் திறந்து, கடவுச்சொல்லை இரண்டு பொறுப்பாளர்கள் வைத்திருங்கள். தானியங்கிப் புதுப்பிப்பை இயக்கி, காலாவதித் தேதியைக் கூட்டக் குறிப்பில் எழுதி வையுங்கள். ஏற்கெனவே டொமைன் இருக்கிறதா? அந்தக் கணக்கில் யார் பெயர், எந்த மின்னஞ்சல் என்று இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.