கழித்தாலும் குறையாத படை: கற்பனைப் போர்களில் எண்ணின் வேலை

சைதாப்பேட்டை காரணீசுவரர் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு டீக்கடையில் இரண்டு கல்லூரி மாணவர்கள் மல்லுக்கு நின்றார்கள். “யூனிட்னா ஒரு ஆளுதான் மச்சி.” “பன்னெண்டு லட்சம் ஆளை வெச்சுக்கிட்டு ஒரு கேலக்ஸியையே காப்பாத்துவானா? யூனிட்னா ஒரு படைப்பிரிவுடா.” டீ ஆறிவிட்டது, வாதம் ஆறவில்லை.

அவர்கள் பேசியது 2002-இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசைப் படமான ‘அட்டாக் ஆஃப் த குளோன்ஸ்’ பற்றி. நகல் வீரர்களை உற்பத்தி செய்யும் காமினோ கோளின் தலைமை அமைச்சர், 2 லட்சம் ‘யூனிட்’ தயார், இன்னும் 10 லட்சம் வந்துகொண்டிருக்கின்றன என்கிறார். மொத்தம் 12 லட்சம். இந்தியத் தரைப்படையின் பலமும் ஏறத்தாழ அவ்வளவுதான். பின்னால் வந்த நாவல்களில் 30 லட்சம் என்று ஒரு கணக்கு வந்தபோது ரசிகர்களின் கோபம் தணியவில்லை, இன்னும் ஏறியது. இதைப் பொழுதுபோகாதவர்களின் சச்சரவு என்று தள்ளிவிடுவது எளிது. எனக்கு அது உரையாசிரியர்களின் வேலையாகப் படுகிறது. மூலத்தில் ஒரு சொல் அளவு சொல்கிறதா, வியப்புச் சொல்கிறதா என்பதல்லவா கேள்வி? தமிழில் இந்தக் கேள்விக்கு வயது அதிகம்.

கற்பனைப் போரில் ஓர் எண் நம்பத்தக்கதா என்று பார்க்க அதன் பருமனை அளந்து பயனில்லை. அதிலிருந்து கழித்துப் பார்க்க வேண்டும் என்பது என் வாதம். கதை அந்த எண்ணிலிருந்து எதையாவது கழிக்கிறதா? கழித்தபின் எஞ்சியது கதையின் போக்கை மாற்றுகிறதா? மாற்றினால் அது எண். இல்லையென்றால் அது எண்ணின் உடுப்பு அணிந்த உவமை.

முதலில் பாரதம். ஓர் அக்குரோணி என்பது 21,870 யானை, அதே அளவு தேர், 65,610 குதிரை, 1,09,350 காலாள், ஆக 2,18,700. பாண்டவர் பக்கம் 7, கௌரவர் பக்கம் 11, மொத்தம் 18 அக்குரோணி. நான்கு உறுப்புகளில் எதன் இலக்கங்களைக் கூட்டினாலும் 18 வரும் என்பதால், இந்த எண்ணைக் கணக்கர் மட்டும் அமைக்கவில்லை, கவிஞரும் கூட இருந்திருக்கிறார். ஆனாலும் பாரதம் கழிக்கிறது. பதினெட்டு நாளும் தளபதிகள் விழ விழப் படை சுருங்குகிறது. சௌப்திக பருவத்தின் இரவுக் கொலைக்குப் பின் பாண்டவர் ஐவர், கண்ணன், சாத்தகி என ஒருபுறம் எழுவர். அசுவத்தாமன், கிருபன், கிருதவர்மன் என மறுபுறம் மூவர். ஏறத்தாழ 39 லட்சத்தில் தொடங்கிய கணக்கின் இறுதி இருப்பு பத்து. தருமனின் துயரம் முழுவதும் அந்த மீதியிலிருந்து பிறக்கிறது.

பரணி இன்னும் ஒரு படி மேலே. போர்க்களத்தில் ஆயிரம் யானைகளை வென்றவனுக்கே பரணி என்று பாட்டியல் வரையறுக்கிறது. பன்னிரு பாட்டியல் எழுநூறு போதும் என்கிறது. எதிரியின் இழப்பை நுழைவுச் சீட்டாகக் கேட்கும் இலக்கிய வகை வேறெங்கும் இருக்கிறதா, நான் அறியேன். எழுநூறுக்கும் ஆயிரத்துக்கும் இடையே நின்று புலவர்கள் வாதாடியிருந்தால், அந்தத் தொனி டீக்கடை மாணவர்களின் தொனியிலிருந்து அதிகம் விலகியிருக்காது.

விண்வெளிக் கதைகளில் இந்தச் சோதனையில் தேறுவது ஜப்பானிய எழுத்தாளர் யோஷிகி தனாகாவின் ‘லெஜண்ட் ஆஃப் த கேலக்டிக் ஹீரோஸ்’. அதன் அஸ்டார்டே போரில் பேரரசின் தளபதி ரைன்ஹார்டிடம் 20,000 கப்பல்கள். எதிரியிடம் 40,000, ஆனால் 12,000, 13,000, 15,000 என்று மூன்று திசைகளில் பிரிந்து வருகின்றன. ரைன்ஹார்ட் ஒவ்வொன்றாகச் சந்திக்கிறான். ஆங்கிலப் பொறியாளர் லான்செஸ்டர் 1916-இல் நூலாக வெளியிட்ட வர்க்க விதி இங்கே கைகொடுக்கும். ஒருவரையொருவர் குறிபார்த்துச் சுடும் போரில் படையின் வலு அதன் எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பது அந்த விதி. 20,000-இன் வர்க்கம் 40 கோடி. 12,000-இன் வர்க்கமான 14.4 கோடியைக் கழித்தால் 25.6 கோடி, அதாவது 16,000 கப்பல்கள் மிஞ்சும். அடுத்து 13,000-இன் 16.9 கோடியைக் கழித்தால் 8.7 கோடி, சுமார் 9,300 கப்பல்கள். மூன்றாவது 15,000-க்கு முன்னால் அது நிற்காது. கதையில் ரைன்ஹார்டின் இழப்பு இதைவிடக் குறைவு, பக்கவாட்டிலும் பின்புறத்திலும் புகுந்து அடிப்பதால். இருந்தும் முதல் இரண்டு அணிகள் நொறுங்குகின்றன, மூன்றாவதில் எதிர்த்தரப்பின் யாங் வென்லியின் சாதுரியத்தால் போர் இழுபறியில் முடிகிறது. தனாகா விதியை வைத்துக்கொண்டு எழுதினாரா என்பது எனக்கு முக்கியமில்லை. அவருடைய எண்கள் கதையை இழுத்துச் செல்கின்றன. ‘ஸ்டார் ட்ரெக்’கின் வுல்ஃப் 359 போரும் இப்படித்தான்: ‘போர்க்’ (Borg) இனத்தின் ஒரே ஒரு கனசதுரக் கப்பலுக்கு எதிராக 40 கப்பல்கள், அழிந்தவை 39. சிறிய கழித்தல்தான், ஆனால் அதன் வடு பிறகு வரும் கதைகளிலெல்லாம் தெரிகிறது.

இனி கம்பன். சுக்கிரீவனின் சேனை எழுபது வெள்ளம். வெள்ளம் என்பது பழைய எண்ணுப்பெயர். தொல்காப்பியம் ஐ, அம், பல் என முடியும் எண்ணுப்பெயர்களுக்கு விதி சொல்ல, உரையாசிரியர்கள் தாமரை, வெள்ளம், ஆம்பல் என்று எடுத்துக்காட்டுவர். வழக்கில் உள்ள வாய்பாடு ஒன்று இது: 8 அக்குரோணி ஓர் ஏகம், 8 ஏகம் ஒரு கோடி, பிறகு சங்கம், விந்தம், குமுதம், பதுமம், நாடு, சமுத்திரம் என எட்டெட்டாக ஏறி ஒன்பதாம் படியில் வெள்ளம். ஒரு வெள்ளம் 13,42,17,728 அக்குரோணி. தலைக்கணக்கில் சுமார் 29.35 லட்சம் கோடி. எழுபது வெள்ளத்தை உலகின் நிலப்பரப்பு முழுவதும் பரப்பினால் ஒரு சதுர மீட்டருக்குப் பதினான்கு வானரம். இலங்கைக்குள் மட்டும் நிறுத்தினால் சதுர மீட்டருக்கு முப்பத்தோராயிரம். (இன்றைய இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர், ஓர் அக்குரோணியின் குதிரைகளும் 65,610. தற்செயல்தான், ஆனால் எண் பித்தர்களின் கையில் இதைக் கொடுக்கக் கூடாது.)

இந்தப் படையிலிருந்து கழித்துப் பாருங்கள். இந்திரசித்தின் பிரமாத்திரத்தில் சேனை சாய்கிறது. அனுமன் மருந்து மலையைக் கொண்டுவந்ததும் எழுகிறது. மூலபலப் படை வரும்போது, இத்தனை வெள்ளமும் இருந்தும் வானரர்கள் அஞ்சி ஓட, இராமன் தனியனாக நின்று முடிக்கிறான். போர் முடிந்து அயோத்திக்குப் புறப்படும் புட்பக விமானத்தில் எல்லோருக்கும் இடம் இருக்கிறது. எந்த இடத்திலும் எண் குறைவதால் கதை திரும்பவில்லை. அப்படியானால் வெள்ளம் என்ன செய்கிறது? சொல்லே விடை தருகிறது. வால்மீகியில் சுகன் இராவணனுக்குச் சொல்லும் எண்வரிசையும் கோடியில் தொடங்கி, லட்சம் லட்சமாகப் பெருக்கி, சமுத்திரம், ஓகம், மகௌகம் என்று போய் நிற்கிறது. ஓகம் என்றாலும் நீர்ப்பெருக்குத்தான். இரு மொழிகளும் எண்ணி எண்ணி, எண்ண முடியாத பொருளின் பெயரில் வந்து நிற்கின்றன.

சைதாப்பேட்டைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டதாக அரசுக் கணக்கு. மறைமலையடிகள் பாலத்தில் போக்குவரத்து நின்றது. அந்த எண்ணைப் பற்றிய தகராறு பின்பு நெடுங்காலம் நடந்தது. நடக்கவும் வேண்டும், ஏனென்றால் அது கழிக்கவேண்டிய எண், பொறுப்புச் சொல்லவேண்டிய எண். ஆனால் ஆற்றங்கரைக் குடியிருப்பில் கேட்டால் கன அடி வாயில் வராது. “இதுவரைக்கும் வந்துச்சு” என்று கைதான் மேலே போகும். கம்பனின் வெள்ளம் அந்தக் கை.

காவியத்தில் போய்க் கணக்குப் பார்ப்பது ரசனைக் குறைவு என்று ஒரு மறுப்பு வரும். பாதி ஒப்புக்கொள்கிறேன். கம்பனிடம் கூட்டல் பிழை கண்டுபிடிப்பவன் கம்பனைப் படிக்கவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்காமல் அது எண் அல்ல என்பது எப்படித் தெரியும்? சதுர மீட்டருக்கு முப்பத்தோராயிரம் என்ற அபத்தம்தான் என்னை வாய்பாட்டிலிருந்து சொல்லுக்குத் திருப்பிவிட்டது.

அந்த மாணவர்களுக்கு வருவோம். படத்தில் அந்த 12 லட்சத்திலிருந்து யாரும் எதையும் கழிப்பதில்லை. எத்தனை நகல்கள் மடிந்தாலும் அணிவகுப்பு அதே அகலத்தில் போகிறது. ஆள் என்றவன், படைப்பிரிவு என்றவன் இருவருமே ‘யூனிட்’டை அலகாக எடுத்துக்கொண்டார்கள். அது வெள்ளத்தின் இனம். என்ன, வெள்ளம் என்ற சொல் தன்னை எண்ண முடியாது என்று தானே சொல்லிவிடுகிறது. ‘யூனிட்’ சொல்வதில்லை, கிடங்குப் பதிவேட்டின் குரலில் பேசுகிறது. கணக்குக் கேட்கும் தொனியில் பேசினால் பிள்ளைகள் கணக்குக் கேட்கத்தான் செய்வார்கள்.