எழுத்துக்கு ஓர் எண்

கோலசிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை, சபாக் பெர்ணம் வட்டாரத் தோட்டங்களில் உழைத்தவர்கள் செக்ரோல் புத்தகத்தை மறந்திருக்க மாட்டார்கள். அதில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. எண்ணைச் சொன்னாலே கிராணிக்கு ஆள் தெரிந்துவிடும். ஆனால் அதே எண் பக்கத்துத் தோட்டத்தில் வேறொருவரைக் குறிக்கும். தமிழ் எழுத்து கணினிக்குள் புகுந்த வரலாறும் இதைப் போன்றதே.

இயந்திரம் எழுத்தை அறியாது. எண்ணை மட்டுமே அறியும். 1985இல் ஜப்பானின் கேசியோ நிறுவனம் எஃப்எக்ஸ்-7000ஜி என்னும் கைக்கணக்குக் கருவியை வெளியிட்டது. அது தன் சிறு திரையிலேயே கணக்கின் வரைபடத்தை வரைந்து காட்டியது. 'இந்த இடத்துக்குத் தாவு' என்பது போன்ற கட்டளைகளை வரிசையாகக் கொடுத்தால் அவ்வாறே செய்யும். அவற்றை வைக்க அதில் இருந்த இடம் 422 பைட் மட்டுமே. பைட் என்பது 0 முதல் 255 வரை ஏதேனும் ஓர் எண்ணைக் கொள்ளும் சிறு பெட்டி. ஆகவே ஒரு கட்டளைச் சொல் முழுவதையும் ஒரே எண்ணாகச் சுருக்கி வைத்தார்கள்.

அக்காலத்துக் கணினிகளிலும் ஓர் எழுத்துக்கு ஒரு பெட்டிதான். அதற்குரிய 256 எண்களில் முதல் 128 ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் போய்விட்டன. ஆங்கில 'ஏ'வுக்கு 65 என்பது அந்த வரிசையில் உள்ளதே. எஞ்சியவை 128. தமிழுக்கோ 247 எழுத்துகள்! எனவே கால், கொம்பு ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்து எண் கொடுத்தனர். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி பாடுபட்டார். தமிழகத்திலும் பலர் முயன்றனர். ஆயினும் ஆளுக்கொரு எண் பட்டியல் இருந்தது. ஒருவர் எழுதிய கடிதம் மற்றவர் திரையில் வெறும் கிறுக்கலாகத் தோன்றியது. ஒரு தோட்டத்துச் செக்ரோலைக் கொண்டு இன்னொரு தோட்டத்தில் பெயர் கூப்பிட்டால் என்ன ஆகும்? அந்த நிலைதான்.

இந்நிலையை மாற்ற 1999 பிப்ரவரியில் சென்னையில் அறிஞர்கள் கூடிப் பொதுப் பட்டியல்களை வகுத்தனர். இதற்கிடையே, உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே பட்டியலாக யூனிகோடு 1991இல் வெளிவந்திருந்தது. அதில் தமிழுக்கென 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. 'அ'வுக்கு 2949, 'க'வுக்கு 2965. 'கெ' என்று எழுதும்போது நம் கண்ணுக்குக் கொம்பு முன்னே நிற்கும். கணினியிலோ 'க' முதலில், கொம்பு பின்னால். நாம் ஒலிக்கும் முறையும் அதுவே அல்லவா? 2010இல் தமிழ்நாட்டு அரசும் யூனிகோட்டை ஏற்றது.

அதனால்தான் இன்று தஞ்சோங் காராங்கிலிருந்து தாய் கைப்பேசியில் அனுப்பும் தமிழ்ச் செய்தியை ஜொகூரில் உள்ள மகன் எழுத்துப் பிசகாமல் படிக்கிறான். பலர் தத்தம் பட்டியலை விட்டுக்கொடுத்துப் பொதுவான ஒன்றை ஏற்றதன் பயன் இது. இயந்திரத்தில் நம் எழுத்துக்கு இடம் கிடைத்துவிட்டது. அந்த இடத்தை நிரப்ப வேண்டியவர்கள் நம் பிள்ளைகள். அவர்களுக்குத் தமிழில் எழுதக் கற்றுக்கொடுப்போம்.