இணைந்த படங்கள்: தரவுகளைத் துருவி ஆராய்வதில் ஊடாட்ட வரைபடங்களின் பங்கு

1. ஆய்வுப் பொருள்

சராசரிகள் ஒத்திருந்தால் தரவுகளும் ஏறக்குறைய ஒத்திருக்கும் என எண்ணுவது இயல்பு. ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கம் 1973இல் வெளியிட்ட நான்கு தரவுத் தொகுதிகள் அந்த எண்ணத்தைத் தகர்த்தன. ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்கிலும் சராசரிகள் 9, 7.5, ஒட்டுறவுக் கெழு 0.82. வரைந்து பார்த்தாலோ ஒன்று நேர்கோட்டையொட்டிய சிதறல், ஒன்று வளைவு, மற்ற இரண்டிலும் விலகி நிற்கும் ஒற்றைப் புள்ளி கோட்டையே மாற்றிவிடுகிறது. ஆகவே வரைவது கட்டாயம். வரைந்த படங்கள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதும் அதே அளவு கட்டாயம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

2. வளர்ச்சி

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு நேர்கோட்டு முடுக்கி மையத்தில் ஜான் டூக்கி, ஜெரோம் ஃபிரீட்மன், மேரி ஆன் ஃபிஷர்கெல்லர் ஆகியோர் பிரிம்-9 என்னும் அமைப்பை உருவாக்கினர். ஒன்பது மாறிகள் வரையுள்ள தரவைத் திரையில் சுழற்றவும், வேண்டிய பகுதியைத் தனியே பிரித்துப் பார்க்கவும் அது வழிசெய்தது. 1987இல் ரிச்சர்டு பெக்கரும் வில்லியம் கிளீவ்லாந்தும் சிதறல் படங்களின்மேல் ‘தூரிகை’ ஓட்டும் முறையை விளக்கினர். எக்ஸ்கோபி, ஜிகோபி, மார்ட்டின் தியூஸின் மான்டிரியன் முதலிய மென்பொருள்கள் இவ்வழியில் வந்தவை.

3. இயங்குமுறை

இவற்றின் உயிர்நாடி இரண்டு: தேர்வு, இணைப்பு. திரையிலுள்ள படங்கள் யாவும் ஒரே அட்டவணையின் வரிசைகளைக் காட்டுபவை. ஒரு பட்டையைச் சொடுக்கினால் அதற்குரிய வரிசைகள் மற்ற எல்லாப் படங்களிலும் நிறம் மாறும். கேள்வி எழுந்த கணத்திலேயே விடையும் தெரிவதால் அடுத்த கேள்வி தானே பிறக்கிறது.

4. எடுத்துக்காட்டு

டைட்டானிக் கப்பல் பற்றிய புகழ்பெற்ற தரவில் 2,201 பேர்; பிழைத்தவர் 711. ‘பிழைத்தவர்’ பட்டையைச் சொடுக்கினால் மூன்றாம் வகுப்பில் 25 விழுக்காடும் பணியாளரில் 24 விழுக்காடும் ஒளிரும். இரு பிரிவினர் கதியும் ஒன்றே எனத் தோன்றும். பெண்களை மட்டும் தேர்ந்தால் மூன்றாம் வகுப்பில் 46, பணியாளரில் 87. ஆண்களில் 17, 22. இரு பாலரிலும் பணியாளரே கூடுதலாகப் பிழைத்திருக்கிறார்கள். மொத்தக் கணக்கு அதைத் தலைகீழாக்கிவிட்டது. 885 பணியாளரில் பெண்கள் 23 பேரே என்பதுதான் காரணம்.

இன்னொன்றும் தென்படும். இரண்டாம் வகுப்பு ஆண்களில் பிழைத்தவர் 14 விழுக்காடு. மூன்றாம் வகுப்பைவிடக் குறைவு. வயதுப் படத்துக்குப் போனால், இரண்டாம் வகுப்புச் சிறுவர் 11 பேரும் பிழைத்திருக்க, வளர்ந்த ஆண்கள் 168 பேரில் 14 பேரே மீண்டது தெரியும்.

5. வரம்புகள்

பலமுறை சொடுக்கினால் தற்செயலாகவும் ஏதேனும் ஒரு கோலம் அமையும். துருவி ஆராய்வதைத் துப்பறிவோரின் பணிக்கு ஒப்பிட்டார் டூக்கி. தீர்ப்பு வேறொரு கட்டம். எனவே கண்ட கோலத்தைத் தனியே எடுத்துவைத்த தரவில் சோதிக்க வேண்டும். சொடுக்குகள் தடமின்றி மறையக்கூடியவை. தேர்வுகளை வரிசைப்படி குறித்துவைத்தால்தான் பிறர் சரிபார்க்க முடியும்.

6. முடிவுரை

2,201 பேரில் 23 பேர் என்பது நூற்றில் ஒரு பங்கு. அச்சிட்ட படத்தில் அந்த மெல்லிய கீற்றைக் கண் தாண்டிச் சென்றுவிடும். மொத்தக் கணக்கின் முடிச்சோ அங்கேதான் இருந்தது. அதை விரல்வைத்துக் காட்ட இணைந்த படங்களால் முடிகிறது; அதனால்தான் இம்முறை புள்ளியியல் வகுப்பின் முதல் பாடமாக வேண்டும்.