கண்மாய் தானா வந்தது இல்லீங்க



பட்டணத்துலேருந்து வர்றவங்க கண்மாய்க் கரையில நின்னு காத்து வாங்கிக்கிட்டே ஒரு வார்த்தை சொல்லுவாங்க. "இயற்கையோட இயைந்து வாழுறதுதாங்க மனுஷனோட கடைசி லட்சியமா இருக்கணும். உங்க முன்னோர்கள் அப்படித்தான வாழ்ந்தாங்க!" கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தக் கண்மாயோட வரலாறு அவ்வளவு சுலபமானது இல்லை. நான் பள்ளிக்கூடப் படிப்போட நின்னவன். படிச்சது, பெரியவங்க சொன்னது, கண்ணால பார்த்தது, இதையெல்லாம் வச்சுத்தான் எழுதுறேன்.

கண்மாய் மனுஷன் கட்டுனது. எங்க சிவகங்கைப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில மழை ஒரேயடியாக் கொட்டும். விட்டா ஓடிப் போயிடும். அதனால சரிவுக்குக் குறுக்கே பிறை மாதிரி கரை போட்டு நிறுத்துனாங்க. வயலுக்குத் தண்ணி விட மடை. நிறைஞ்சா மிச்சம் வழியறதுக்குக் கலுங்கு. ஒரு கண்மாயோட கலுங்குத் தண்ணி அடுத்த கண்மாய்க்குப் போகும், அது நிறைஞ்சு அதுக்கடுத்ததுக்குப் போகும். வடக்கே ஏரிம்பாங்க, நெல்லைப் பக்கம் குளம்பாங்க, எங்களுக்குக் கண்மாய். தமிழ்நாட்டுல இப்படி 39,000க்கு மேல இருக்கு. காட்டை வெட்டி, மண்ணைச் சுமந்து, ஓடுற தண்ணியை மறிச்சுத்தான் இத்தனையும் வந்துச்சு.

வேடந்தாங்கலை எடுத்துக்கோங்க. அங்க பறவைகள் வந்து தங்குறது ஏரிக்குள்ள நிக்கிற மரங்கள்ல. அந்த ஊர்க்காரங்க தலைமுறை தலைமுறையா அதுகளைக் காப்பாத்துறாங்க. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட ஆரம்பிச்சதும் கலெக்டர்கிட்ட முறையிட்டு, 1798ல எழுத்து மூலமாவே பாதுகாப்பு வாங்குனாங்க. அன்னைக்குச் செங்கல்பட்டுக் கலெக்டர் லயோனல் பிளேஸ். ஊர்க்காரங்களுக்குப் பறவை மேல பாசம் இருந்திருக்கும், இல்லைன்னு சொல்லலை. கூடவே ஒரு கணக்கும் இருந்துச்சு. பறவை எச்சம் விழுந்த தண்ணி வயலுக்கு உரம். பறவைக்கும் லாபம், சம்சாரிக்கும் லாபம், அதான் நிலைச்சுது.

அடுத்து உத்திரமேரூர். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, 919லயும் 921லயும் வெட்டுனது. குடவோலைன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. ஏரியைப் பார்த்துக்கிறதுக்குன்னே ஏரி வாரியம்னு ஒரு குழு, அதுக்கு ஆறு பேரைக் குடத்துலேருந்து ஓலை எடுத்துத் தேர்ந்தெடுத்தாங்க. முன்னாடி வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வர முடியாது, அவன் சொந்தக்காரனும் வர முடியாது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடி! படிக்கும்போது எனக்கே உடம்பு சிலிர்த்துச்சு.

ஆனா அதே கல்லை முழுசாப் படிக்கணும். அந்தக் குடத்துல யார் பேர் போட்டாங்க? வரி கட்டுற நிலம் கால் வேலியாவது இருக்கணும், சொந்த மனையில வீடு இருக்கணும், வேதம் படிச்சிருக்கணும். அது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர். ஏரியில இறங்கி வண்டல் அள்ளுனவன் பேரு அந்தக் குடத்துக்குள்ள போகவே வழி இல்லை.

எங்க பக்கத்துக் கதையும் ரொம்ப வித்தியாசம் இல்லை. கோடையில கண்மாய் வத்துனதும் வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோட வரணும். கரையைப் பலப்படுத்தி, வரத்துக்காலைச் சுத்தம் பண்ணி, வண்டலை வயலுக்குக் கொண்டு போவாங்க. இதுக்குக் குடிமராமத்துன்னு பேரு. தண்ணி வந்த பிறகு மடையைத் திறந்து, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம்னு பார்த்து விடுறவர் நீர்க்கட்டி. பல ஊர்கள்ல அவர் ஒடுக்கப்பட்ட சாதிக்காரர். சொந்த நிலம் இல்லாதவர்ங்கிறதால யார் பக்கமும் சாய மாட்டார்னு நம்புனாங்க. வரப்பு வரப்பா அலைஞ்சு, ராத்திரி வயல்ல படுத்து, மழை வலுத்தா கரையைச் சுத்தி வந்து உடைப்பு இருக்கான்னு பார்க்கிறதும் அவர்தான். அறுப்பு முடிஞ்சா களத்துல கொஞ்சம் நெல்லு. ஊரே அவர் கையை நம்பிப் பிழைச்சுது. ஆனா ஊர்க்கூட்டத்துல அவருக்குச் சமமா உட்கார இடம் கிடையாது.

வெள்ளைக்காரன் காலத்துக்கு வருவோம். 1858ல மெட்ராஸ் மாகாணத்துக்குன்னு ஒரு சட்டம் போட்டாங்க. வழக்கப்படி செய்ய வேண்டிய மராமத்து வேலையைக் கட்டாயமாக்குற சட்டம், வராதவங்ககிட்ட பணம் வசூலிக்கலாம். தானா நடந்துக்கிட்டிருந்த வேலைக்கு எதுக்குச் சட்டம்? அப்பவே அது நின்னு போக ஆரம்பிச்சிருச்சுன்னுதான் அர்த்தம். தீர்வை வெளியே போகுது, ஏரிக்கு ஒண்ணும் திரும்பி வரலைன்னா எவன் மண்வெட்டி தூக்குவான்?

இருபது வருஷம் ஆகலை, 1876ல தாது வருஷப் பஞ்சம் தொடங்கிச்சு. மழை பொய்ச்சது இயற்கை. ஆனா ஜனம் சாகும்போதே தானியம் கப்பல் ஏறிச்சு, அது மனுஷன் செஞ்சது. செத்தவங்கள்ல அதிகம் நிலமில்லாத கூலிக்காரங்க. ஒரே மழைதான் எல்லாருக்கும் பொய்ச்சுது, சாவு மட்டும் ஆள் பார்த்து வந்துச்சு.

சுதந்திரத்துக்குப் பிறகு 1948ல ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்துச்சு. நூறு ஏக்கருக்கு மேல பாசனம் உள்ள கண்மாய் பொதுப்பணித்துறைக்கு, சின்னது ஊராட்சி ஒன்றியத்துக்கு. கண்மாய் "கவர்மெண்டுது" ஆயிருச்சு. அப்புறம் போர்வெல். 1984ல சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம், 1990 வாக்குல எல்லா விவசாயிகளுக்கும். அதைக் குறை சொல்ல மாட்டேன், எங்களை மாதிரி எத்தனையோ குடும்பத்துக்கு அது சோறு போட்டுச்சு. ஆனா மோட்டார் வச்சவனுக்கு மடை வேண்டாம், கூட்டம் வேண்டாம், நீர்க்கட்டி வேண்டாம். கண்மாய் நிறைஞ்சாத்தான் போர்ல தண்ணி ஊறும்ங்கிறது மறந்து போச்சு. காசு உள்ளவன் இன்னும் ஆழமாப் போட்டான். இல்லாதவன் நிலத்தைத் தரிசாப் போட்டான். சீமைக்கருவேலம் வந்து உட்கார்ந்துக்கிச்சு.

2017ல அரசாங்கம் குடிமராமத்துங்கிற பழைய பேரிலேயே ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு. பல ஊர்ல மெஷின் இறங்கி மண் அள்ளுச்சு, கரை உசந்துச்சு. நல்லதுதான். ஆனா வரத்துக்கால் ஆக்கிரமிப்பை யார் எடுக்கச் சொல்றது, கடைமடைக்கு யார் தண்ணி விடுறதுங்கிற பஞ்சாயத்தை மெஷின் தீர்க்காது.

எங்க ஊர் கடைசி நீர்க்கட்டி காலமாகிப் பல வருஷம் ஆச்சு. அவர் மகன் அந்த வேலைக்கு வரலை, படிச்சு உத்தியோகத்துக்குப் போயிட்டார். "அதோட கண்மாய் போச்சு"ன்னு பெருமூச்சு விடுறவங்க எங்க ஊர்லயே இருக்காங்க. எனக்கு அப்படிச் சொல்ல மனசு வரலை. அரை வயித்துக்கு நெல்லு வாங்கிக்கிட்டு, ஒதுங்கி நின்னு பார்க்கிற வேலையை அவர் ஏன் தூக்கிச் சுமக்கணும்? அவர் போனது நியாயம். அந்த வேலைக்கு மரியாதையும் சம்பளமும் நாங்க யாரும் ஏற்பாடு பண்ணாததுதான் கண்மாய்க்கு வந்த கேடு.

அதனால இயற்கையோட இயைந்து வாழுறது கடைசி லட்சியமான்னு கேட்டா, என் பதில் இது. இயற்கை போடுற வரம்பை மீறக்கூடாது, அதுல ரெண்டு பேச்சு இல்லை. அந்த வரம்புக்குள்ள பாரத்தையும் பலனையும் எப்படிப் பங்கு போடுறோம்ங்கிறதுதான் லட்சியமா இருக்கணும். பங்கு சரியா இருந்தா கண்மாயைக் காப்பாத்தச் சொல்லி யாரும் உபதேசம் பண்ண வேண்டியதில்லை. பங்கு கோணலா இருந்தா, ஆயிரம் வருஷக் கண்மாயும் ஒரு தலைமுறையில மேடாயிரும்.

நீங்க கடையில இயற்கை அரிசி வாங்கும்போது உரம் போட்டதா, மருந்து அடிச்சதான்னு கேட்கிறீங்க. நல்ல கேள்விதான். நாத்து நட்ட அம்மாவுக்கு எவ்வளவு கூலி கொடுத்தாங்க, அந்த வயலுக்குத் தண்ணி எங்கேருந்து வந்துச்சுன்னும் சேர்த்துக் கேளுங்க.