கேட்கக் கற்ற சங்கம்



முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியப் பணி ஆற்றியவன் நான். பூகோள வகுப்பில் ஆஸ்திரேலியாவைப் பற்றிக் கற்பிக்கும் போதெல்லாம் கரும்பலகையில் அக்கண்டத்தின் உருவை வரைவேன். தெற்கே கம்பளி ஆடுகள், வடக்கே பெரிய மாட்டுப் பண்ணைகள் என்று குறித்துக் காட்டுவேன். ஒரு நாள் கடைசி வரிசையில் இருந்த மாணவன் எழுந்து, "ஐயா, அந்த மாடுகளை மேய்ப்பவர்கள் யார்?" என்று கேட்டான். அவன் ஆடு மேய்க்கும் வீட்டுப் பிள்ளை. பாடநூலில் அதற்கு விடை இல்லை, என்னிடமும் இல்லை. "பண்ணைக்காரர்கள் மேய்ப்பார்கள், உட்கார்" என்று சொல்லிவிட்டேன். ஓய்வு பெற்ற பின்னரே அவனுக்குரிய விடையைத் தேடிப் படித்தேன். இன்று நான் உரைக்கப் போவது அவ்விடைதான்.

ஆஸ்திரேலியாவின் வட ஆட்சிப் பகுதியில் வேவ் ஹில் என்றொரு மாட்டுப் பண்ணை உண்டு. 1883ஆம் ஆண்டில் அது தோன்றியது. 1914இல் வெஸ்டி என்னும் ஆங்கிலேய நிறுவனத்தின் கைக்கு வந்தது. அந்நிலத்திற்கு உரியோர் குரிஞ்சி என்னும் தொல்குடியினர். பெயரைக் கேட்டவுடன் நம் குறிஞ்சித் திணை நினைவுக்கு வரும். ஒலியில் உள்ள ஒப்புமையே அன்றி வேறு உறவு ஒன்றும் இல்லை. வெள்ளையர் வருகைக்குப் பின்னர் நேர்ந்த கொலைகளுக்கும் நோய்களுக்கும் தப்பிப் பிழைத்தவர்கள், தம் முன்னோர் நிலத்திலேயே பண்ணை ஆட்களாயினர். ஆடவர் குதிரை ஏறி மந்தைகளை மடக்கினர். பெண்டிர் பண்ணை வீட்டில் சமைத்தனர், துணி துவைத்தனர். அவர்கள் கண்ட கூலி மாவும் இறைச்சியும் சர்க்கரையும் தேயிலையும் புகையிலையும், சிறிது காசும் ஆகும். 1944 முதல் 1946 வரை வெஸ்டி பண்ணைகளை ஆராய்ந்த ரொனால்டு பெர்ன்ட், கேத்தரின் பெர்ன்ட் என்னும் மானிடவியல் அறிஞர் இருவரும் அங்கு நிலவிய உணவுக் குறைவையும் உறைவிடத்தின் இழிநிலையையும் எழுதி வைத்துள்ளனர்.

தொழிலாளர் சங்கங்கள் இவர்களுக்காகப் பேசவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். நெடுங்காலம் பேசவில்லை. மலிவான கூலிக்கு உழைப்பவன் நம் கூலியையும் கெடுப்பான் என்னும் அச்சம் வெள்ளைத் தொழிலாளரிடம் வேரூன்றி இருந்தது. காலம் மாறிற்று. 1965ஆம் ஆண்டில் வட ஆஸ்திரேலியத் தொழிலாளர் சங்கம், மாட்டுப் பண்ணை ஊதிய விதிகள் தொல்குடியினரை விலக்கி வைத்தல் கூடாது என்று நடுவர் ஆணையத்தில் வழக்கிட்டது. நல்ல வழக்கு, நேர்மையான வழக்கு. ஆயினும் ஒன்றை நோக்குங்கள். யாருக்காக வழக்கு நடந்ததோ அவர்களுள் ஒருவரையேனும் சாட்சியாக அழைக்கவில்லை. 1966 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. சம ஊதியம் உண்டு. ஆனால் அது 1968 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வரும் என்றது ஆணையம்.

அப்போது அச்சங்கத்தின் அமைப்பாளர்களுள் டெக்ஸ்டர் டேனியல்ஸ் என்பவர் ஒருவர். இவர் தொல்குடியினர், ரோப்பர் ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தவர். பண்ணை மக்களிடம் அவர்களுள் ஒருவராகவே அமர்ந்து பேசினார். 1966 மே மாதம் நியூகாசில் வாட்டர்ஸ் பண்ணையில், லுப்ஞா கியாரி என்பவரின் தலைமையில் தொழிலாளர் வேலையை விட்டனர். ஆகஸ்ட் 23ஆம் நாள் வேவ் ஹில்லில் வின்சென்ட் லிங்கியாரி என்னும் குரிஞ்சிப் பெரியவர் எழுந்தார். ஆடவரும் பெண்டிரும் பிள்ளைகளுமாக ஏறத்தாழ இருநூறு பேர் அவர் பின்னே நடந்து சென்று விக்டோரியா ஆற்றுப் படுகையில் தங்கினர்.

மற்றச் சங்கத் தோழர்கள் அவர்களைக் கைவிடவில்லை. டார்வின் துறைமுகத் தொழிலாளியாகிய பிரையன் மானிங் தம் சிறிய பெட்போர்டு லாரியில் உணவுப் பொருள்களை ஏற்றிக்கொண்டு, ஏறத்தாழ 750 கிலோமீட்டர் கரடுமுரடான பாதையில் சென்றார். உடன் சென்றோர் டேனியல்சும், 1955இல் வெளிவந்த 'ஜெட்டா' திரைப்படத்தில் நடித்த ராபர்ட் டுடவாலியும் ஆவர். நடிகர் சங்கத்தின் உதவியோடு டேனியல்சும் லுப்ஞா கியாரியும் தென்னகரங்களுக்குச் சென்று தொழிற்சாலைகளில் பேசினர். தொழிலாளர் நிதி திரட்டி உதவினர்.

இங்கேதான் வரலாறு நமக்கு ஒரு பாடம் புகட்டுகின்றது. வெளியே இருந்தோர் இதனைக் கூலிப் போராட்டம் என்றே எண்ணினர். லிங்கியாரியும் அவருடைய முதியோரும் எழுத்தாளர் ஃபிராங்க் ஹார்டியுடன் பல நாள் அமர்ந்து பேசியபோது வேறோர் உண்மை வெளிப்பட்டது. கூலி அவர்களுக்கு வேண்டியதுதான். எனினும் அவர்கள் உள்ளத்தில் இருந்தது நிலம். 1967இல் அவர்கள் தம் புனித இடங்களுக்கு அருகிலுள்ள டகுராகு என்னும் இடத்தில் குடியேறினர். எழுத்தறியாத அம்முதியோரின் விருப்பப்படி, குரிஞ்சி என்னும் பெயரை ஹார்டி ஒரு பலகையில் எழுதி நட்டுக் கொடுத்தார். அவ்வாண்டு ஏப்ரலில் தம் நிலத்தைத் திருப்பித் தருமாறு தலைமை ஆளுநருக்கு விண்ணப்பம் விடுத்தனர். அது மறுக்கப்பட்டது.

சங்கம் கேட்ட கூலியை மட்டும் பெற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதற்கும் வரலாற்றில் விடை உண்டு. 1968க்குப் பின் சம ஊதியம் வந்ததும், பண்ணை முதலாளிகள் பலர் தொல்குடித் தொழிலாளரை வேலையிலிருந்து நீக்கினர். வேலை போயிற்று, வேலையோடு முன்னோர் நிலத்தில் வாழும் வாய்ப்பும் பலருக்குப் போயிற்று. நீதியான கோரிக்கையே, ஆயினும் பாதி கேட்ட கோரிக்கை. கூலியும் நிலமும் அவர்களுக்கு ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை முன்னரே கேட்டறிந்திருந்தால், இரண்டையும் சேர்த்தே கோரியிருக்கலாம் அன்றோ?

குரிஞ்சி மக்கள் ஒன்பது ஆண்டுகள் உறுதியாக நின்றனர். 1975 ஆகஸ்ட் 16ஆம் நாள் பிரதமர் விட்லாம் டகுராகுவுக்கு வந்து, ஒரு பிடி மண்ணை லிங்கியாரியின் கையில் சொரிந்து, 3,236 சதுர கிலோமீட்டர் நிலத்தின் குத்தகையை அளித்தார். 1976இல் வட ஆட்சிப் பகுதிக்கெனத் தொல்குடியினர் நிலவுரிமைச் சட்டம் பிறந்தது. 2020இல் வேவ் ஹில் பண்ணை நிலத்தின் மீதும் அவர்களது மரபுரிமையை நீதிமன்றம் ஏற்றது.

சங்கங்களும் கற்றுக்கொண்டன. அந்நாட்டுத் தொழிற்சங்கப் பேரவை 2017இல் தொல்குடித் தொழிலாளருக்கெனத் தனிக் கூட்டணி ஒன்றைத் தொடங்கியது. சமூகப் பணித் துறை போன்ற சில தொழில்களின் ஊதிய விதிகளில், தொல்குடி மரபுச் சடங்குகளுக்கென ஆண்டுக்குப் பத்து நாள் வரை ஊதியமில்லா விடுப்பு இடம்பெற்றுள்ளது. இது சிறிய செய்தி போலத் தோன்றும். அக்குடிகள் பலவற்றில் தந்தையின் உடன்பிறந்தானும் தந்தையே. பெரியப்பா, சித்தப்பா என்று அழைக்கும் நமக்கு இது விளங்காததன்று. அத்தகைய ஒருவர் மறைந்தால், "இவர் உன் சொந்தத் தந்தை அல்லரே" என்று மேலாளர் விடுப்பை மறுப்பாராயின், அத்தொழிலாளியின் உள்ளம் என்ன பாடுபடும்?

ஈண்டு என் குறையையும் சொல்லியாக வேண்டும். நான் ஓர் ஆசிரியர் சங்கத்தின் வட்டாரச் செயலாளராக இருந்தேன். மலைப் பள்ளிகளில் பணிபுரிந்த பழங்குடி ஆசிரியர் சிலர் எங்கள் உறுப்பினர். அவர்களுக்கு மலைப்படியை உயர்த்த வேண்டும் என்று அழகிய தமிழில் தீர்மானம் எழுதி, கைதட்டலும் பெற்றேன். கூட்டம் முடிந்தபின் அவர்களுள் மூத்தவர் அருகில் வந்தார். "ஐயா, படி வந்தால் நல்லதுதான். ஆண்டுக் கூட்டத்தை எப்போதும் எங்கள் ஊர்த் திருவிழா நாளில் வைக்கிறீர்கள். வருகிற இரண்டொருவருக்கும் ஐந்து மணிக்குக் கடைசிப் பேருந்து. நாங்கள் எப்போது பேசுவது?" என்றார். பத்து ஆண்டுகளாக நாட்களைக் குறித்தவன் நானே. ஒரு முறையும் அவர்களைக் கேட்டதில்லை. மறு ஆண்டு நாளை மாற்றினோம். அன்று அவர்கள் கேட்டவற்றுள் பாதி, என் தீர்மானத்தில் இல்லாதவை.

வள்ளுவர் கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்துக் கேள்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். கற்றோரிடம் கேட்பதையே அங்கே அவர் சிறப்பித்தார். எழுத்தறியாத லிங்கியாரியும் கற்றோருள் ஒருவரே என்று நான் இப்போது எண்ணுகிறேன்.

அம்மாணவன் இன்று எங்கிருக்கின்றானோ, அறியேன். அவன் இவ்வுரையைக் கேட்பானாயின், அவனுக்கு நான் கூறும் விடை இது: தம்பி, அந்த மாடுகளை மேய்த்தவர்கள் அந்நிலத்துக்கு உரியவர்கள். அன்று உன்னை உட்காரச் சொன்னது என் பிழை.