சுவருக்கும் காற்றுக்கும் நடுவில ஒரு கோடு

கச்சான் காத்து அடிக்கிற மாதங்களில் எங்கட மூத்தம்மா வீட்டுக்குள்ள படுக்கமாட்டா. பாயோட விறாந்தைக்கு வந்திருவா. கல்முனைப் பக்கம் சுனாமிக்குப் பிறகு கட்டின கல்வீடு. பகல் முழுக்கக் குடிச்ச வெயிலை இரவிலதான் வெளிய விடும். "கிடுகு வீட்டில இந்தப் புழுக்கம் இல்ல மகன்" என்பா.

ஒலுவிலில் பொறியியல் படிக்கிற காக்கா இந்த வீட்டைக் கம்பியூட்டரில் வரைந்தார். சுவருக்கு ஒரு நிறம், அது திண்மம். உள்ளே இருக்கும் காற்றுக்கு இன்னொரு நிறம், அது பாய்மம். கலைப்பீடத்துக்காரனான எனக்கு வந்த கேள்வி வேற: இவை ரெண்டையும் ஒரே கணக்கில் சேர்த்தது யார்?

1822 இல் பாரிஸில் ஃபூரியே திண்மத்துக்குள் வெப்பம் பரவும் விதத்தை நூலாக வெளியிட்டார். அதே ஆண்டு, அதே நகரில், நாவியே பாய்மம் ஓடும் விதத்துக்குச் சமன்பாடு முன்வைத்தார். ஆனால் ஃபூரியேயின் கணக்கில் வெளிக்காற்று சுவரின் ஓரத்தில் நிற்கும் ஒரு எண் மட்டும்தான். ரெண்டையும் ஒன்றாகத் தீர்க்க வேண்டிய கணக்குக்குப் பெரெல்மன் 1961 இல்தான் பெயர் வைத்தார்: இணைந்த வெப்பக் கடத்தல்.

அதைக் கம்பியூட்டருக்குப் பழக்கியவர்களில் முக்கியமானவர் புனேயில் பொறியியல் படித்த சுஹாஸ் பதங்கர். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஸ்போல்டிங்கோடு சேர்ந்து 1972 இல் பாய்மக் கணக்குக்கு ஒரு வழிமுறை தந்தார். 1980 இல் வந்த அவருடைய நூலில் உள்ள யோசனை எளிமையானது: திண்மத்தையும் பாய்மமாகவே எடு, ஆனால் அசையவே முடியாத அளவுக்குப் பிசுக்குமையைக் கூட்டிவிடு.

எல்லைக்கோட்டில்தான் பிழை வரும். கொங்கிறீட்டின் வெப்பக் கடத்துதிறன் சுமார் 1.4, அசையாத காற்றினது 0.026. சாதாரண சராசரி 0.71. பதங்கர் சொன்ன இசைச் சராசரி எடுத்தால் 0.05 தான். ஏனென்றால் மோசமாகக் கடத்துவதுதான் அந்த இடத்தில் வேகத்தைத் தீர்மானிக்கும். சராசரியைப் பிழையாக எடுத்தால் விடை 14 மடங்கு மாறிப்போகும்.

காற்று அசைந்தால் கதையே வேற. சுவரின் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். வீடு கட்டும்போது நாம எத்தனை கல், எத்தனை பேக் சீமெந்து எண்டுதான் எண்ணுறம். காற்று எந்தப் பக்கத்தால வந்து எந்தப் பக்கத்தால போகும் எண்டு கேக்கிறதில்ல. மூத்தம்மா அந்தக் கேள்வியைச் சமன்பாடு இல்லாமலே கேட்டிட்டா. பாயைத் தூக்கிக்கொண்டு.