வாத்தியக் குழுவினின்று எழுந்த இசையமைப்பாளர்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளைத் தனித்தனியே வகுத்துரைக்கின்றார். ஒவ்வொருவரும் எவ்வெவற்றில் வல்லவராதல் வேண்டும் என்பது ஆங்கு நுணுக்கமாகக் கூறப்படுகின்றது. ஆயினும் அவருள் ஒருவர் பெயரேனும் கூறப்படவில்லை. அரங்கேறிய மாதவியின் பெயர் நிலைத்தது. அவள் ஆடுதற்குக் குழலும் யாழும் தண்ணுமையும் இசைத்தவர் பெயர் நிலைக்கவில்லை. கருவியிசைப்போருக்கும் புகழுக்கும் இடையேயுள்ள இத்தொலைவு இருபதாம் நூற்றாண்டுத் திரையிசையிலும் குறைந்ததன்று. அதனைக் கடந்தவர் சிலர். கடந்தபின் திரும்பி நோக்கியவர் என்ற வகையில் ஏ. ஆர். ரகுமானின் வரலாறு ஆராய்தற்குரியது.

1970ஆம், 1980ஆம் ஆண்டுகளையொட்டிய காலத்தில் சென்னைத் திரையிசை பெரும்பாலும் கூட்டு உழைப்பாகவே உருவாயிற்று. ஒலிப்பதிவுக் கூடத்தில் வயலின் இசைப்போர் வரிசையாக அமர்வர்; குழல், கித்தார், தபேலா, மிருதங்கம் முதலிய கருவிகளுக்கு உரியோர் தத்தம் இடத்தில் இருப்பர். இசையமைப்பாளர் வகுத்த மெட்டினை வாத்திய ஒழுங்கமைப்பாளர் கருவிகளுக்குப் பகிர்ந்தளிப்பார். பாடகரும் குழுவினரும் ஒருங்கே இசைக்க, ஒருவர் பிழைத்தாலும் பாடல் மீண்டும் தொடக்கத்திலிருந்து பதிவாகும். வேலைநேரத்திற்குரிய கூலியோடு கலைஞரின் தொடர்பு முடிந்துவிடும். வானொலியிற் பாடல் ஒலிபரப்பாகும்போது படம், பாடியவர், இசையமைத்தவர் ஆகியோரின் பெயர்கள் கூறப்பட்டன. மாத்தளை மாவட்டத்துப் பல்லேபொல போன்ற ஊர்களில் வானொலிப் பெட்டியருகே இருந்து ஒரு குழலிசையில் நெஞ்சைப் பறிகொடுத்தவர், அக்குழலை ஊதியவர் யாரென அறிதற்கு வழியிருக்கவில்லை.

இத்தகைய உழைப்பாளர் குடும்பத்திலேயே 1967 ஜனவரி 6ஆம் நாள் ரகுமான் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் திலீப்குமார். தந்தையார் ஆர். கே. சேகர் 1964இல் வெளிவந்த ‘பழசி ராஜா’ என்னும் மலையாளப் படத்துக்கு இசையமைத்தவர். எனினும் பிற இசையமைப்பாளர்களுக்கு வாத்திய ஒழுங்கமைப்பாளராகவே பெரிதும் உழைத்தார். 1976இல் அவர் மறைந்தபோது மைந்தருக்கு வயது ஒன்பது. தந்தையார் விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டே அக்குடும்பம் வாழ்ந்தது. கருவி அங்கே கலைப்பொருள் மட்டுமன்று. அன்றாட அரிசிக்கும் அதுவே வழியாயிற்று.

சிறுவர் திலீப் பள்ளிப்படிப்பை இடைநிறுத்திக் கீபோர்ட் இசைப்பவராகப் பணியேற்றார். தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்றார், இளையராஜா, எம். எஸ். விஸ்வநாதன், ரமேஷ் நாயுடு, டி. ராஜேந்தர் முதலியோரின் குழுக்களில் வாசித்தார். மாலையில் ஒருவர் பாணி, காலையில் மற்றொருவர் பாணி எனப் பழகிய இப்பயிற்சி, எந்தக் கல்லூரியும் தரவியலாத கல்வியாகும். சிவமணி முதலிய நண்பரோடு ‘ரூட்ஸ்’ என்னும் குழுவிலும், ‘நெமிசிஸ் அவென்யூ’ என்னும் ராக் குழுவிலும் வாசித்து மேலைநாட்டிசையில் தோய்ந்தார். ஜாஸ் இசையின் நடையை 1997இல் ‘இருவர்’ படத்தின் ‘ஹலோ மிஸ்டர் எதிர்க்கட்சி’ என்னும் பாடலில் அவர் கையாண்ட எளிமை, அத்தோய்வின் பயன் எனலாம்.

விளம்பரங்களுக்கு இசையமைக்கும் பணி அவருக்கு அடுத்த படியாயிற்று. சில நொடிகளுள் ஒரு பொருளை நினைவில் நிறுத்தும் அவ்விசைக்கு, மெட்டு மாத்திரமன்றி ஒலியின் தன்மையும் இன்றியமையாதது. சென்னையில் தம் இல்லத்தின் பின்புறத்தில் ‘பஞ்சதன்’ என்னும் ஒலிப்பதிவுக் கூடத்தை அவர் நிறுவினார். இசைப்பவர், அமைப்பவர், பதிவு செய்பவர் என்னும் மூவர் தொழிலும் அங்கே ஒருவரிடம் கூடின. மேலைநாட்டார் ‘புரடியூசர்’ என வழங்கும் பணி இதுவே. மணிரத்தினம் இயக்கி, கே. பாலசந்தரின் நிறுவனம் தயாரித்த ‘ரோஜா’ 1992இல் வெளிவந்தது. முதற் படத்துக்கே ரகுமான் தேசிய விருது பெற்றார்.

புதிய முறையில் ஒவ்வொரு கருவியும் தனித்தனித் தடத்திற் பதிவாயிற்று. கலைஞர் தனியே அமர்ந்து தம் கற்பனைக்கேற்ப வாசிப்பார். பொருந்துவதை இசையமைப்பாளர் பின்னர் தேர்ந்து கோப்பார். இம்முறையினும் முதன்மையானது பிறிதொரு செயல். ஒலிநாடா, குறுந்தகடு ஆகியவற்றின் உறைகளில் வாத்தியக் கலைஞர், ஒலிப்பதிவுப் பொறியியலாளர் ஆகியோரின் பெயர்களை ரகுமான் அச்சிடச் செய்தார். புல்லாங்குழற் கலைஞர் நவீன்குமார், 2008இல் மறைந்த பொறியியலாளர் எச். ஸ்ரீதர் ஆகியோரின் பெயர்களைப் பொதுமக்கள் அறிந்தது இவ்வாறே.

இதனை ஒத்த நிகழ்ச்சி அமெரிக்காவிலும் உண்டு. டெட்ராயிட் நகரில் மோட்டவுன் நிறுவனத்தின் ‘சோல்’ இசைப் பாடல்களுக்கு வாசித்த ‘ஃபங்க் பிரதர்ஸ்’ குழுவினர் பலரும் ஜாஸ் அரங்குகளில் தேர்ந்தவர். அவர் வாசித்த பாடல்களை உலகமே அறிந்தது. அவரை எவரும் அறியார். 1971இல் மார்வின் கே வெளியிட்ட ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ இசைத்தட்டின் உறையிலேதான் அவர்தம் பெயர்கள் இடம்பெற்றன. ஆங்கும் அப்பெயர்களை அச்சேற்றிய கலைஞர் அந்நிறுவனத்தில் மத்தளம் இசைப்பவராகப் பணிபுரிந்து உயர்ந்தவரே.

எனினும் இவ்வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. வாசித்ததை நினைவிற் கொண்டு மீள ஒலிக்கும் கணினி, பல வயலின்களின் ஒலியை ஒருவர் விரலுக்குள் அடக்கிற்று. கூடம் நிறைய அமர்ந்திருந்த குழுக்கள் சுருங்கின; வேலையிழந்தோர் பலர். இம்மாற்றத்தை ஒருவரே விளைத்தார் என்றல் தவறு. உலகெங்கும் கருவிநுட்பம் அவ்வழியே சென்றது. ஆயினும் கீபோர்ட் கொண்டு உயர்ந்தவரின் வெற்றி அதனை விரைவுபடுத்தியது என்பதை மறுத்தலும் இயலாது. உறையிற் பெயர் பெற்றோர் சிலர். கூடத்தில் இருக்கை இழந்தோர் பலர். இவ்விரண்டையும் ஒருங்கே எழுதாத வரலாறு பாதி வரலாறேயாகும்.

2008இல் ரகுமான் சென்னையில் கே. எம். இசைக் கல்லூரியை நிறுவினார். வறிய குடும்பத்துச் சிறுவருக்குக் கட்டணமின்றி வயலின் முதலிய கருவிகளைப் பயிற்றும் ‘சன்ஷைன்’ வாத்தியக் குழு அதனைச் சார்ந்தது. 2009இல் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்காக அவர் இரண்டு ஆஸ்கார் விருதுகள் பெற்றதை உலகு கொண்டாடிற்று. ஆனால் வாடகைக் கருவிகளால் வளர்ந்த ஒருவர், கருவி வாங்க இயலாச் சிறுவர் கையில் வயலினைக் கொடுத்தது அவ்விருதுகளினும் சிறியதன்று. வெறுமையான இருக்கைகள் அனைத்தையும் ஒரு கல்லூரி நிரப்பிவிடாது. எனினும் அவற்றில் அமர்ந்திருந்தோரை மறவாத ஒருவர் இட்ட வித்து அது.